மூலிகைதானே என்றேன்

அக்காவைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பெலும்பில் ஊசி இறக்கியபோது நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளேயிருந்து ஒரே ஒரு தடவை “அம்மா” என்று கேட்டது. அக்காவுக்கு அப்போது ஐம்பது வயது. அம்மா போய்ப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் குரலுக்குக் காரணம் நான்தான் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது.

என் பிழைப்பே செல்களை எண்ணுவதுதான். மனித ரத்தத்தை வாங்கி, அதிலுள்ள வெள்ளை அணுக்களை 37 டிகிரி சூட்டில் வளர்த்து, சோதிக்கவேண்டிய பொருளை அதில் கலப்போம். 44 மணி நேரம் ஆனதும் சைட்டோகலாசின்-பி சேர்த்தால் கரு இரண்டாகும், செல் மட்டும் பிரியாமல் நிற்கும். 72 மணி நேரத்தில் எடுத்து ஸ்லைடில் பரப்பிச் சாயமேற்றிப் பார்த்தால் இரட்டைக் கருக்கள் இரண்டு கண்களைப் போலத் தெரியும். அவற்றின் அருகில் பொட்டு மாதிரி மூன்றாவது ஒன்று இருந்தால் அதுதான் நுண்கரு. உடைந்த குரோமோசோம் துண்டு ஒன்றோ, செல் பிரியும்போது பின்தங்கிவிட்ட முழுக் குரோமோசோமோ அதற்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்று பொருள். ஒரு கல்சருக்கு ஆயிரம் இரட்டைக் கரு செல்களாவது எண்ண வேண்டும். பூச்சிமருந்து, துணிச்சாயம், மருந்து என்று பத்தொன்பது வருஷமாக எண்ணியிருக்கிறேன். விற்பவன் வார்த்தையை நம்பாதீர்கள், ஸ்லைடைப் பாருங்கள் என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

2017-இல் அக்காவுக்கு மாதவிலக்கு நின்றது. ராத்திரியில் நாலு தடவை எழுந்து உட்காருவாள், முதுகெல்லாம் நனைந்திருக்கும். “உள்ளுக்குள்ள அடுப்பு மூட்டுன மாதிரி இருக்குட்டி” என்று போனில் சொன்னாள். ஹார்மோன் மாத்திரை என்றாலே எங்கள் தலைமுறைக்குப் பயம். அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் ஹார்மோன் கூட்டுச் சிகிச்சைப் பகுதியை 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியிருந்தன. அதன் பிறகு உலகமெங்கும் பெண்கள் மூலிகைப் பக்கம் திரும்பினார்கள். சோயா ஐசோஃப்ளேவோன், சிவப்பு க்ளோவர், பிளாக் கோஹோஷ்.

பிளாக் கோஹோஷ் வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வளரும் செடி. அங்குள்ள பழங்குடிகள் அதன் கிழங்கை மருந்தாகப் பயன்படுத்தியவர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த சித்தி மகள் இரண்டு பாட்டில் கொண்டுவந்தாள். லேபிளில் வெள்ளைப் பூ, பச்சை இலை. நான் வாங்கிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

“இத சாப்பிடலாமாட்டி?”

“மூலிகைதானே அக்கா. ஒண்ணும் பண்ணாது.”

ஆய்வகத்தில் எதைப் பற்றியும் இப்படி ஒரு வார்த்தை சொல்ல என் நாக்கு எழாது. அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டப்படி, இந்த மாதிரி மாத்திரைகளை விற்பனைக்குக் கொண்டுவருமுன் பாதுகாப்பானவை என்று அரசிடம் நிரூபிக்கவேண்டியதில்லை. அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் சொன்னேன். சொன்னது எங்கள் வீட்டுத் திண்ணையில், அதனால் அது கணக்கில் வராது என்பது போல.

வியர்வை குறைந்ததாக அக்கா சொன்னாள். இரண்டாம் பாட்டில் தீர்ந்ததும் சித்தி மகள் இன்னும் இரண்டு அனுப்பினாள். ஆறேழு மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஹீமோகுளோபின் 8.1. சிவப்பணுக்கள் இருக்கவேண்டிய அளவைவிடப் பெரிதாக ஊதியிருந்தன. பி12 குறைந்தால் அப்படி ஆகும், அக்கா முட்டைகூடத் தொடாத சைவம். ஆனால் ரிப்போர்ட்டில் பி12 அளவு கீழ் எல்லையை ஒட்டி, எல்லைக்கு உள்ளேதான் இருந்தது. தைராய்டு, கல்லீரல் சரி. டாக்டர் நிதானமாகக் கேட்டார், “வேற ஏதும் மருந்து சாப்பிடுதீங்களா?”

“ஒண்ணுமில்ல சார்” என்றாள் அக்கா. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன்.

பொய் சொல்லும் எண்ணம் எங்கள் இருவருக்கும் இல்லை. மருந்து என்ற சொல்லுக்குள் அந்த பாட்டில் வரும் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை.

எலும்பு மஜ்ஜையில் கோளாறு இருக்கலாம், எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் அக்கா பெரிய மகளைக் கூப்பிட்டு லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்று காட்டினாள். சின்னவளுக்கு எந்த வளையல் என்று சொன்னாள். அத்தான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஊசி போட்ட அன்று ராத்திரி நான் பாளையங்கோட்டையில் அவள் வீட்டிலேயே தங்கினேன். சாப்பிட்டு முடித்து, பாத்திரம் ஒதுங்கவைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி அலமாரிக்குப் போனாள். மேல்தட்டில் கையை விட்டாள். மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. ஒரு கேப்ஸ்யூல் உள்ளங்கையில் விழுந்தது. செம்பில் தண்ணீர் எடுத்தாள்.

“அக்கா, அது என்ன?”

“நீ தந்ததுதான்.”

“இன்னுமா சாப்பிடுதே?”

“நீதானட்டி ஒண்ணும் பண்ணாதுன்னே.”

அவள் விழுங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நான் எழுந்து போய் அந்த பாட்டிலை வாங்கினேன். முதன்முறையாக அதன் பின்பக்கத்தைப் படித்தேன். பிறகு போனை எடுத்து, எந்தப் பொருள் ஆய்வகத்துக்கு வந்தாலும் முதல் நாள் செய்கிற வேலையைச் செய்தேன். அதன் தாவரப் பெயரையும் நுண்கரு என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் பெண் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் 90 நாள் அந்தக் கிழங்கின் சாற்றைக் கொடுத்துப் பார்த்திருந்தது. ரத்தத்தில் நுண்கருக்கள் கூடியிருந்தன. பி12 பற்றாக்குறையில் வருவதைப் போன்ற சோகையும் வந்திருந்தது. வெளியான ஆண்டு 2012. நான் அக்காவிடம் பாட்டிலைக் கொடுப்பதற்கு ஐந்து வருஷம் முன்னால்.

மறுநாள் டாக்டரிடம் பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். என் வேலை என்ன என்பது அவருக்குத் தெரியும். “முதல் நாளே சொல்லியிருந்தா, இத நிறுத்திட்டு நாலு வாரம் பார்த்திருப்பேன்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மஜ்ஜையில் பயந்த நோய் இல்லை. மாத்திரையை நிறுத்தினோம், அதே வாரம் பி12 ஊசியும் தொடங்கினார்கள். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியது. எது காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அவளுடைய உணவே காரணமாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டால் பதில் கிடைக்காது என்பது என் தொழிலின் முதல் பாடம். அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கும் வாய்ப்பையும் என் தலையாட்டல்தான் கெடுத்தது.

2018-இல் மனித செல்களில் செய்த சோதனை வெளிவந்தது. டிகே6 என்ற ரத்த செல் வகையில் பிளாக் கோஹோஷ் சாறும் பொடியும் நுண்கருக்களை உண்டாக்கின. டிஎன்ஏ சேதத்தின் அடையாளங்களையும் செல் பிரிவதன் அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கும் இன்னொரு சோதனையும் செய்திருந்தார்கள். அதன்படி டிஎன்ஏ இழை அறுபடுவதைவிட, செல் பிரியும்போது முழுக் குரோமோசோமே வழிதவறிப்போவதற்குத்தான் சாத்தியம் அதிகம். தட்டில் வளரும் செல் ஒரு பெண்ணின் உடம்பு ஆகாது, அதை நான் நன்றாக அறிவேன். இருந்தாலும் அந்தக் கட்டுரையின் நுண்கரு எண்ணிக்கைகளை என்னால் வெறும் எண்களாகப் பார்க்க முடியவில்லை.

அக்கா ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. டாக்டரிடம் போகும்போதெல்லாம் இப்போது ஒரு மஞ்சள் துணிப்பை கொண்டுபோகிறாள். அதில் பி12 மாத்திரை, மூட்டுவலித் தைலம், நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய திரிபலாப் பொடி எல்லாம் இருக்கும். போன மாதம் கிளம்பும்போது சுக்கு மல்லிப் பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இதயும் காட்டணுமாட்டி?”

“காட்டணும்க்கா” என்றேன். பையில் போட்டுக்கொண்டாள்.