‘இருந்திருந்தால்’ என்னுஞ் சொல்

ஆங்கில இலக்கணம் பயில்வோரை மருட்டும் பகுதிகளுள், நிபந்தனை வாக்கியமும் விருப்பப் பொருள் தரும் வினையும் தலையாயவை. ‘ஐ’ என்னும் எழுவாய்க்கு ‘வாஸ்’ என்பதே ஏற்ற வினையாயிருக்க, ‘இஃப் ஐ வேர்’ என்று வருவதேன்? ஒருமை எழுவாயின் வினை ‘எஸ்’ எழுத்தைக் கொண்டு முடிதல் விதியாயிருக்க, ‘காட் ஸேவ் தி கிங்’ என்பதில் அவ்வெழுத்து மறைந்ததேன்? இவற்றை ஆங்கிலேயர்தம் மனம்போன போக்கென்றெண்ணி, பொருளறியாது நெட்டுருச் செய்யும் மாணாக்கர் பலர். தமிழிலக்கணம் பயிலும் எனக்கோ இவை அயலார் வீட்டு வழக்கமாகத் தோன்றவில்லை. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1856-ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். மொழிகளை அருகருகே வைத்து நோக்கும் அந்நெறியை நாமும் சிறிதளவிற் கைக்கொள்வோமாயின், இவ்விதிகளின் உயிர் எளிதில் விளங்கும்.

முதற்கண் நம் நாஞ்சில் நாட்டு உழவரது பேச்சைக் கேட்போம். 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீரை நம்பியன்றோ இந்நாட்டு வயல்கள் பல கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைகின்றன? ‘கால்வாயில் தண்ணீர் வந்தால் கும்பப்பூ விளையும்’ என்கிறார் ஓர் உழவர். ‘தண்ணீர் வந்திருந்தால் கும்பப்பூ விளைந்திருக்கும்’ என்கிறார் மற்றொருவர். முன்னவர் வரப்பில் நின்று வழி பார்த்திருக்கிறார். பின்னவர் காய்ந்த வயலை விட்டு வீடு திரும்புகிறார். முன்னதன் கதவு திறந்துள்ளது. பின்னதன் கதவு அடைபட்டது. இவ்வேறுபாட்டை எழுத்தறியா முதியவரும் பிழையின்றி ஆள்வர்.

ஆங்கிலமும் இதனையே செய்கின்றது. அடைபட்ட கதவைக் குறிக்க, நிபந்தனைப் பகுதியில் ‘ஹாட் கம்’ என்றும், முடிவுப் பகுதியில் ‘வுட் ஹாவ்’ என்றும் அமைக்கும். நம் மாணாக்கர் இரண்டிடத்தும் ‘வுட் ஹாவ்’ எழுதித் திருத்துவோரின் செம்மைக்கு இலக்காவர். தாய்மொழியை நினைந்திருப்பின் இவ்விடர் நேராது. ‘வந்திருந்தால்’ என்பதில் துணைவினை இறந்தகால வடிவில் நிற்பதையும், ‘விளைந்திருக்கும்’ என்பதில் அது எதிர்கால வடிவில் நிற்பதையும் காண்க. எதிர்கால வடிவை நிபந்தனைப் பகுதியிற் புகுத்தி, ‘வந்திருப்பால்’ என்று சொல்லும் தமிழன் உளனோ? அங்ஙனமே ‘வுட்’ என்பதும் ‘இஃப்’ பகுதியிற் புகாது. ஆங்கில விதியொன்றை நமக்குத் தமிழே கற்பிக்கின்றது.

இனி, ‘இஃப் ஐ வேர்’ என்பதை நோக்குவோம். நன்னூலார் வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டனுள் ‘செயின்’ என்பதை எதிர்காலத்திற்குரிய ஆறனுள் வைத்தார். ‘மழை பெய்யின்’ என்பது இனி நிகழக்கூடியதைச் சொல்லும். அப்பொருளை இன்று ‘பெய்தால்’ என்கிறோம். அதனுள் நிற்கும் தகர இடைநிலை இறந்தகாலத்திற்குரியது. பொருளோ இனி வரும் மழை. ஆகவே, நிபந்தனையில் இறந்தகால வடிவம் தன் காலத்தை விட்டு நிற்றல் நமக்குப் புதிதன்று. ஆங்கிலம் ஒருபடி மேற்சென்று, உண்மையல்லாததைக் காட்டுதற்கு அவ்வடிவைப் பயன்படுத்துகின்றது. ‘நான் பறவையாயிருந்தால்’ என்னும் தமிழ்த் தொடரில், அது கூடுமோ கூடாதோ என்பதைக் கேட்போனே உய்த்துணர வேண்டும். ‘வேர்’ என்னும் ஒரு சொல்லோ, ‘யான் பறவையல்லேன்’ என்பதை உடன் உணர்த்திவிடும். இவ்விடத்தில் ஆங்கிலத்தின் நுட்பத்தைப் பாராட்டுதல் தமிழுக்கு இழுக்காகாது.

இவையெல்லாம் தேர்வு எழுதுவதற்கு மட்டும் உரியன என்று யாரும் எண்ணற்க. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்ற மீனவருட் பலர் மீண்டிலர். ‘செய்தி முன்னரே எட்டியிருந்தால் கரை திரும்பியிருப்பார்’ என்று ஒரு தாய் சொல்வாளாயின், அத்தொடரில் ‘இல்லை’ என்னுஞ் சொல் ஓரிடத்தும் இல்லை. எனினும், அதனுள் இரண்டு ‘இல்லை’கள் மறைந்துள்ளன: செய்தி எட்டவில்லை, மகன் திரும்பவில்லை. நம்மிற் பலர் ஊராருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுப்பவர். அவ்வினை வடிவம் பிறழ்ந்து, ‘செய்தி எட்டினால் திரும்புவார்’ என்னும் பொருள்பட அமையுமாயின், அத்தாயின் முறையீடு முழுவதும் மறைந்துபோம். அவள் இழந்ததை இழந்ததாகவே எழுதுதல் இலக்கணம் மட்டுமன்று, நீதியுமாம்.

விருப்பப் பொருளுக்கு வருவோம். ‘வாழ்க’, ‘வருக’ என்பவற்றை நம் இலக்கணம் வியங்கோள் என்னும். நான் வாழ்க, நீ வாழ்க, அவன் வாழ்க, அவை வாழ்க என, அவ்வினை இடமும் பாலும் நோக்கித் திரிவதில்லை. ‘காட் ஸேவ் தி கிங்’ என்பதில் ‘எஸ்’ இல்லாமைக்குக் காரணமும் இத்தகையதே. அது நிகழ்ச்சியைக் கூறும் வினையன்று. நிகழ்க என வேண்டும் வினை. ஆதலின் எழுவாயை நோக்கி வடிவம் மாறிற்றில்லை. மாணவர் சங்கத்தில் ஒருவரைத் தலைவராக முன்மொழியுமிடத்தும், ‘ஹி பி’ என்பதே முறை. ‘ஹி ஈஸ்’ என்றால், தேர்தலுக்கு முன்னரே அவர் தலைவராகிவிட்டார் என்று பொருள்படும்!

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், தேவனுடைய ராஜ்யத்தைக் குறித்து நாம் ‘வருவதாக’ என்கிறோம். ஆங்கிலத்திலும் அவ்விடத்தில் ‘கம்’ என்பதேயன்றி ‘கம்ஸ்’ என்பதில்லை. வந்துவிட்டது என்று நாம் பெருமை பேசவில்லை. வராது என்று கைவிடவுமில்லை. பசியும் வழக்கும் பகையும் நிறைந்த இவ்வுலகைக் கண்திறந்து நோக்கிக்கொண்டே, அது வருக என வேண்டுகிறோம். அச்சொல்லைப் பொருளுணர்ந்து சொல்வோன் வாளாவிருத்தல் இயலாது.

யோவான் சுவிசேஷத்தின் பதினோராம் அதிகாரத்தில், லாசருவின் சகோதரிகளாகிய மார்த்தாளும் மரியாளும், ஆண்டவர் அங்கே இருந்திருந்தால் தங்கள் சகோதரன் மரித்திருக்கமாட்டான் என்று தனித்தனியே முறையிடுகின்றனர். அடைபட்ட கதவின் முன் நின்று மனிதர் பேசும் மொழி அதுவே. ஆயினும், மார்த்தாள் அவ்வளவில் நின்றாளில்லை; இப்பொழுதும் அவர் கேட்பது கிடைக்குமென்று அறிவேன் என்று தொடர்ந்தாள். முடிந்துபோனதை முடிந்ததென்று ஒப்புக்கொண்ட அதே மூச்சில், முடியாததொன்று உண்டென்றும் அவள் உரைத்தாள். ‘இருந்திருந்தால்’ என்பதையும் ‘ஆகுக’ என்பதையும் தத்தம் இடமறிந்து சொல்லக் கற்றலே இவ்விலக்கணத்தின் பயன் என்று கருதுகின்றேன்.