ஆடியவர், ஆட வைத்தார்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாலை வேளைகளில் பிள்ளைகள் பந்தை உதைத்து ஆடக் காண்கிறோம். "இந்த ஆட்டம் எத்தனை நாளைக்குச் சோறு போடும், சாமி?" என்று பெற்றோர் நம்மிடம் வினவுகின்றனர். நியாயமான கவலையே. கால்களின் வலிமை சில ஆண்டுகளே நிலைக்கும். அதன் பின்னர்?

தமிழகத்தைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜின் வாழ்வு இதற்கு விடை பகர்கிறது. 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்தியக் கால்பந்து அணியில் இடம்பெற்றவர் அவர். அவ்வணி பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. ஹங்கேரியிடமும் பெருவிடமும் தோற்றது. அதன்பின் இந்திய அணிக்கு ஒலிம்பிக் வாய்ப்புக் கிட்டவேயில்லை.

ஆனால் அவர் கற்றது வீணாகவில்லை, பயிற்சியாளரானார். 1941-இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பையைக் கேரளம் அதுவரை வென்றதில்லை. 1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளத்தில், அவர் பயிற்றுவித்த கேரள அணி இரயில்வே அணியை 3-2 என வீழ்த்தி அக்கோப்பையை முதன்முறையாகப் பெற்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. பயிற்சியாளரோ களத்தின் ஓரத்தில் இருந்தார்; ஆயினும் அவ்வெற்றியில் அவருக்கும் பங்குண்டு.

ஹாலந்து நாட்டின் யோஹான் கிரைஃபும் அவ்வாறே. 1974 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தோற்ற அவ்வீரர், 1992-இல் பயிற்சியாளராகப் பார்சலோனாவுக்கு முதல் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

பெற்றோரே, நம் பிள்ளைகள் அனைவரும் ஒலிம்பிக் செல்லப்போவதில்லை. பயிற்சியாளர் பதவியும் எல்லார்க்கும் கிட்டாது. படிப்பைக் கைவிடாமல் அவர்கள் ஆடட்டும். கற்றதைத் தம்மினும் இளையோர்க்குச் சொல்லிக் கொடுக்கட்டும். கால் ஓய்ந்த பின்னும் கொடுப்பதற்கு அவர்களிடம் ஒன்று மிஞ்சும்.