வாய் நாற்றம்: நாம் சொல்லத் தயங்கும் விஷயம்



சில வகுப்புகளில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "வாய் மணக்குது சேர்" என்பார்கள். அதன்பிறகு அந்தப் பிள்ளை வாசிக்க எழும்பாது. கேள்வி கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொல்லும். ஆசிரியர்களாகிய நாங்கள் இதை அடிக்கடி காண்கிறோம்.

பெரியவர்களும் அப்படித்தான். ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம், ஒரே சஹனில் சாப்பிடுகிறோம். ஆனால் இதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்வதில்லை.

வயிற்றுக் கோளாறுதான் காரணம் என்று பலர் கேஸ்ட்ரிக் குளிசை போடுகிறோம். பெரும்பாலும் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. நாக்கின் பின்பக்கத்தில் படியும் படை, பல் இடுக்கில் தங்கும் சாப்பாடு, பூச்சிப் பல், முரசு நோய். இவற்றில் வாழும் பக்டீரியாக்கள் கந்தக வாயுக்களை வெளிவிடுகின்றன. எச்சில் குறைந்து வாய் காய்ந்தால் நாற்றம் கூடும். நோன்பாளியின் வாய் வாடைக்குள்ள சிறப்பை நாம் அறிவோம். அதற்காக ஸஹர் செய்துவிட்டுப் பல் துலக்காமல் படுக்கலாம் என்றாகாது.

வாடையை மறைக்க வெற்றிலை போடுபவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயும் வாய்ப் புற்றுநோய்தான். நாற்றத்தை மறைக்கப் போய் நோயைத் தேடிக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. காலையிலும் இரவு படுக்க முன்பும் புளோரைட் பற்பசையால் 2 நிமிடம் துலக்குவோம். நாக்கையும் மெதுவாக வழிப்போம். மிஸ்வாக் சுன்னத்தை விடாமல், அதோடு இதையும் செய்வோம். தண்ணீர் போதியளவு குடிப்போம். முரசில் இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாமல் பல் வைத்தியரிடம் காட்டுவோம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். 2 கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, வாய் திறக்கக் கஷ்டம் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

பெற்றோர்களே, பிள்ளையை ஏசாமல் ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் சொல்லாமல் தனியே கூப்பிட்டுச் சொல்வோம். ஒரு பல் சொத்தையானதற்காக ஒரு பிள்ளை பேசாமலே வளரக் கூடாது.