கரிகாலனைக் கொன்றது யார்?

எங்கள் பக்கத்தில் பழைய நாவல்கள் புத்தகக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததைவிட, பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்யப்பட்டு வந்ததுதான் அதிகம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்த ‘பொன்னியின் செல்வன்’ மம்சாபுரத்தில் எங்கள் வீட்டுப் பரணில் அப்படித்தான் இருந்தது. காலிகோ ஒட்டிய முதுகு, மணியம் வரைந்த படங்கள், அத்தியாயம் முடியும் பக்கத்துக்குப் பின்னால் பாதியில் நிற்கும் யாருடைய கதையோ ஒன்று. தையல் உள்ளோரத்தை விழுங்கியிருந்ததால், மடிப்போரத்து எழுத்தைப் பார்க்கப் புத்தகத்தை விரித்து அமுக்க வேண்டும். நடுவில் ஓர் இதழ் இல்லை. அதில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

ஆச்சிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்பாள். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. பகல் ஷிப்ட் வாரத்தில் அவர் வாசிப்பார். இரவு ஷிப்ட் வந்தால் அந்த வேலை எனக்கு. வாசித்த நேரத்தைவிட வழக்காடிய நேரம்தான் அதிகம். அம்மாவுக்குக் கதையில் வரும் நந்தினியைக் கண்டால் ஆகாது. ஆச்சி விட்டுக்கொடுக்க மாட்டாள்: “அவ பட்டத நீ பட்டிருந்தாத் தெரியும்.” சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதில் கல்கி கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. அதனால் எங்கள் வீட்டு வழக்குக்குத் தீர்ப்பே வரவில்லை.

பிற்பாடுதான் உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிப் படித்தேன். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கொன்றவர்களின் பெயரையே அது சொல்கிறது. ஆனாலும் நீலகண்ட சாஸ்திரிக்கு உத்தம சோழன் மேல் சந்தேகம். அதை மறுத்தவர்களும் உண்டு. ஆக, எங்கள் திண்ணையில் நடந்ததுதான் அறிஞர்களிடமும் நடந்திருக்கிறது.

“வீட்டுவரியோட நூலக வரியும் கட்டுறோம்ல, எடுத்துப் படிங்க” என்பார் அப்பா. அந்த நாட்களில் நூலகத்திலிருந்து அப்படி எடுத்துவந்ததுதான் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. 1976-இல் வந்த நாவல். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்காரர் எழுதியது. அரண்மனை, அரியணை எதுவும் கிடையாது. தெலுங்கு தேசத்திலிருந்து தப்பிவந்த சனங்கள் காட்டைத் திருத்திக் கரிசலில் ஊர் கட்டிய கதை. வந்த வழியைச் சொல்பவள் நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள். வீட்டில் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அத்தை இரண்டு பக்கத்துக்குமேல் பொறுக்கவில்லை. “இருடா, எங்க பாட்டி சொன்னத நான் சொல்றேன்” என்று, ஆற்றங்கரை மரம் வளைந்துகொடுத்து ஆட்களைக் கரைசேர்த்த கதையை ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு அதற்குமேல் வாசிப்பு நகரவில்லை.

என் மகளிடம் இந்த நாவல்களை எத்தனையோ முறை புகழ்ந்து பார்த்தேன், அசையவில்லை. 2023-இல் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வந்து, கரிகாலன் செத்த விதத்தைச் சொன்னாள். “கல்கி அப்படி எழுதலையே” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் நாவலின் ஐந்தாம் பாகம் அவள் கையில் இருந்தது.

“பெரிய பழுவேட்டரையரே ஒத்துக்கிட்டாரேப்பா!” என்று வந்து நின்றாள்.

“ஒத்துக்கிட்டா, செஞ்சதா ஆயிருமா?”

முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைகளுக்கு நல்ல புத்தகம் எதுவென்று சொல்வதைவிட, அதில் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது என்று தெரியப்படுத்தினால் போதும். தீர்ப்பை மட்டும் நாம் சொல்லிவிடக் கூடாது.