இருளும் ஒரு செல்வம்

அறுமீன், உரோகிணி, திருவோணம் என்று விண்மீன்களுக்குத் தனித்தனியே பெயர் சூட்டினர் நம் முன்னோர். அப்பெயர்களைப் பாடநூலிலும் நாட்காட்டியிலும் படிக்கும் நம்மில், அவற்றுக்குரிய ஒளியை வானில் கண்டவர் எத்தனை பேர்? நகரத்து விளக்கொளி மேலெழுந்து விண்மீன்களை மறைத்துவிட்டது. பொருளைக் காணாமலே சொல்லைக் காத்து வருகிறோம்.

இக்குறை தீர லடாக்கின் ஹான்லே என்னும் சிற்றூருக்குச் சென்றோம். ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வகம் நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே அங்கும், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், தொலைநோக்கி அமைத்துள்ளது. 2022 டிசம்பரில் அவ்வூரைச் சூழ்ந்த 1,073 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

நாங்கள் சென்றது அக்டோபர்த் திங்களின் நிலவில்லா இரவு. பத்தடி நடக்குமுன் மூச்சு வாங்கியது. கண்கள் இருளுக்குப் பழக அரைமணி நேரம் ஆயிற்று. பின்னர், தென்மேற்கில் பால்வீதியின் ஓரத்தே திருவோணம் விளங்கிற்று. கிழக்கில் அறுமீன் எழ, அதன் பின்னே செந்நிற உரோகிணி எழுந்தது. உரோகிணிக்கு இன்று உலகம் வழங்கும் பெயர் அல்டெபரான். ‘பின்தொடர்வது’ எனப் பொருள்படும் அரபுச் சொல். திருவோணத்தின் நடுமீனாகிய அல்டேரும் அரபுப் பெயரே. ‘பறப்பது’ என்பது பொருள். பெயரிட்டவர்கள் கண்ட காட்சியைக் கண்டபின்னரே பெயர்க்காரணம் எங்களுக்குப் புலனாயிற்று.

உச்சிக்கருகே புகைத்துளி போன்ற ஒன்றைச் சுட்டிக்காட்டினார் ஓர் ஊர்ப்பெண்மணி. ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆந்திரமேடா விண்மீன் மண்டலம் அது. தொலைநோக்கி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, 964ஆம் ஆண்டளவில், அதைத் தம் நூலில் குறித்துவைத்தவர் வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி.

வானினும் எங்களை வியக்கவைத்தது ஊராரின் ஒழுக்கம். சன்னல்களுக்குக் கனத்த திரை, விளக்குகளுக்கு மேல்மூடி, வண்டிகளின் முகவிளக்கு தாழ்ந்தே எரிகிறது. விண்மீன் காட்டப் பயிற்சியும் தொலைநோக்கியும் பெற்ற ஊர்மக்களுக்கு இருள் பிழைப்பும் தருகிறது.

மாணவச் செல்வங்களே, விளக்கைத் துறக்க வேண்டியதில்லை. தேவையான இடத்தில், தேவையான அளவில், நிலம் நோக்கி அதைத் திருப்பினால் போதும். முதலில் நம் வீட்டு மாடியிலும் கல்லூரி வளாகத்திலும் அதனைச் செய்து பார்ப்போம். அறுமீன் என்னும் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், சாளரத்தின் வழியே கைநீட்டி அதனைக் காட்டவும் இயலவேண்டும்.