தெரிந்தே கொடுத்த நாற்று

அந்தத் தக்காளி நாற்றில் நோய் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விற்றேன். வாங்கியவர் சுரண்டைக்குக் கிழக்கே கிணற்றுப் பாசனத்தில் தோட்டம் செய்கிறவர், என்னை நம்பி முன்பணம் கொடுத்தவர். நட்ட நாற்று வயலில் சாயத் தொடங்கி அவர் ஓடி வந்து கேட்டபோது, "தண்ணி கூடிப் போச்சு, உங்க வயல்ல வடிகால் சரியில்ல" என்று சொல்லி அனுப்பினேன். நாற்று கெட்டது என் நாற்றங்காலின் பசுமைக்குடிலில். காற்றுப் போக்கை அடைத்துக் கெடுத்தவன் நான்.

எங்கள் பக்கத்துக் காற்றைத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வைகாசியில் குற்றாலத்தில் சீசன் தொடங்கினால், ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து வரும். மழையெல்லாம் மலையோரத்தோடு நின்றுவிடும். கிழக்கே இருக்கும் சுரண்டைக்கு வந்து சேர்வது மேகமூட்டமும் சிறு தூறலும் ஓயாத காற்றும்தான். எங்களுக்குக் குளம் நிறையும் மழை ஐப்பசி, கார்த்திகையில். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பது இந்தச் சீசன் காற்றை நம்பித்தான். அந்தக் காற்றுக்குத்தான் நான் பயந்தேன். பசுமைக்குடிலின் பாலித்தீன் கூரை ஒருமுறை கிழிந்தால் ஆகும் செலவை நினைத்து, பக்கப் படுதாக்கள் அத்தனையையும் இறக்கிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன்.

குழித்தட்டில் நாற்று வளர்ப்பவர்களுக்கு முதல் சில நாட்கள் ஈரப்பதம்தான் உயிர். ஊறிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, விதை போட்டு, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடி வைப்போம். உள்ளே புழுங்கினால்தான் முளைப்பு ஒருசேர வரும். முளை தலைகாட்டிய அன்றே கணக்கு மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு நாற்றுக்கு வேண்டியது வெளிச்சமும் காற்றும். இதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் குடிலில் மட்டும், முளைத்த பிறகும் மூடியே வைத்திருந்தேன்.

வேலைக்கு வரும் பெரியம்மா இரண்டாம் நாளே சொன்னார்: "தம்பி, உள்ள நிக்க முடியல, மூச்சு முட்டுது. ஒரு பக்கமாவது படுதாவத் தூக்கி விடுங்க." வெளியிலும் சாரல்தானே, ஈரக்காற்றை உள்ளே விட்டு என்ன ஆகப்போகிறது என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். விவரம் தெரிந்தவன் சொல்வதுபோல் இருக்கும் அந்தப் பதில் முழுத் தவறு. வெளியே 24 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று, குடிலுக்குள் வந்து 30 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்தக் காற்று வெளியேறும்போது உள்ளிருக்கும் ஈரத்தையும் தூக்கிக்கொண்டு போகும். சாரல் நாளிலும் திறந்து வைத்தால் பலன் உண்டு. அடைத்து வைத்தால், இலைகள் விடும் நீராவியும் தரையில் தேங்கிய தண்ணீரும் உள்ளேயே சுற்றி, இரவில் கூரை குளிர்ந்ததும் துளித்துளியாக நாற்றின் தலையில் இறங்கும்.

இதற்கு மேல் நான் சாயங்காலத்தில் தண்ணீர் விடச் சொன்னேன். காலையில் நாற்று ஏற்றி அனுப்பும் வேலை இருந்ததால் அது எனக்கு வசதி. காலையில் விட்டிருந்தால் மதியத்துக்குள் இலையும் தண்டும் உலர்ந்திருக்கும். சாயங்காலம் நனைந்தது விடியும்வரை நனைந்தே கிடந்தது. ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்றைத் தலை உயரத்தில் தொங்கவிட்டிருந்தேன். அது காட்டிய எண் என்னைச் சமாதானப்படுத்தியது. நெருக்கி அடுக்கிய தட்டுகளில் இலைகளுக்கு அடியில் காற்றே அசையாமல் நின்றதை அந்த உயரத்தில் தொங்கும் கருவி எப்படிக் காட்டும்?

நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற கிருமிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் பரவுபவை. ஒரு மூலையில் கைப்பிடி அளவு நாற்று தண்டடியில் நீர் கோத்து, மெலிந்து, மடிந்து விழுந்தது. மறுநாள் அந்த வட்டம் பெரிதானது. பெரியம்மாவைத்தான் திட்டினேன், தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டீர்கள் என்று. அவர் பதில் பேசவில்லை. நான் சொன்ன நேரத்தில், நான் சொன்ன அளவில் ஊற்றியவர் அவர்.

காப்பர் ஆக்சி குளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்து ஊற்றினேன். படுதாவையும் அப்போதுதான் ஏற்றினேன். பரவுவது குறைந்தது. ஆனால் தட்டுகளில் அங்கங்கே குழிகள் காலியாகத் தெரிந்தன. காலிக் குழி உள்ள தட்டை யார் வாங்குவார்கள்? செத்த நாற்றைப் பிடுங்கிவிட்டு, வேறு தட்டிலிருந்து பிடுங்கிய நாற்றை அந்தக் குழியில் சொருகினேன். முளைக்காத குழியை இப்படி நிரப்புவது எல்லா நாற்றங்காலிலும் நடப்பதுதான். நான் நிரப்பியது நோய்க்கிருமி இருந்த அதே நார்க்கழிவில். பார்வைக்கு முழுத் தட்டு, பச்சைப் பசேலென்று. என் தொழிலில் நான் செய்ததிலேயே கெட்ட காரியம் அதுதான். படுதாவை இறக்கியது அறியாமை, பயம் என்று ஏதாவது சொல்லலாம். இதை என்ன பெயர் சொல்லி மூடுவது?

நாற்று வாங்கியவர் நட்டது ஓணத்தைக் கணக்கு வைத்து. பாவூர்ச்சத்திரம், சுரண்டைச் சந்தைகளிலிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்குக் காய் போகும் நாட்களில் ஓணத்துக்கு முந்தைய வாரங்கள்தான் நல்ல விலை கிடைப்பவை. ஆனித் தொடக்கத்தில் நடவு முடிந்தால் அந்த வாரங்களில் காய் பறிக்கலாம். என் பேச்சை நம்பி அவர் வடிகால் வெட்டினார், தண்ணீரைக் குறைத்தார், மருந்து வாங்கி ஊற்றினார். நாட்கள் போயின. பாதி வயல் காலியானது.

சீசன் முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். நாற்றுக்கு வாங்கிய பணத்தை வைத்தேன். அவர் பணத்தை எடுத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை.

"வந்து கேட்ட அன்னைக்கே சொல்லிருந்தா வேற இடத்துல நாத்து வாங்கி நட்டுருப்பேம்லா, அண்ணாச்சி" என்றார்.

அவர் நஷ்டத்தில் நான் திருப்பிக் கொடுத்தது நாற்றின் விலையை மட்டும். அந்த நாட்களுக்கு என்னிடம் பணம் இல்லை, பதிலும் இல்லை. அடுத்த நடவுக்கு அவர் என்னிடம் வரவில்லை. பெரியம்மா இன்னும் வேலைக்கு வருகிறார். அவரிடம் நான் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக் காலை படுதா ஏற்றும்போது கேட்க வேண்டும்.