நண்டின் கொடுக்கு

உவமைகளை வைத்துப் பிழைப்பவன் நான். ஆகவே, உவமைகளிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கதையில் ஓர் உவமை பொய்த்தால் வாசகருக்கு அலுப்புத் தட்டும், அவ்வளவுதான். வைத்தியத்தில் பொய்த்தால் நஷ்டம் பெரிது.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எனக்கு நண்பர். இருதய ரத்தக் குழாயில் அடைப்பு; அறுவை சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நண்பருக்குக் கத்தி என்றாலே நடுக்கம். யாரோ கொடுத்த துண்டுப் பிரசுரத்தை என்னிடம் நீட்டினார். வீட்டுக் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வது போலத்தான் ரத்தக் குழாயும் அடைத்துக்கொள்கிறதாம். நரம்பில் மருந்தை ஏற்றினால் சுண்ணாம்பெல்லாம் கரைந்து ஓடிவிடுமாம். சிகிச்சையின் பெயர் கீலேஷன்.

"எவ்வளவு பொருத்தமாகச் சொல்லியிருக்கிறான், பார்த்தீரா?" என்றார்.

அந்தப் பொருத்தம்தான் எனக்குச் சந்தேகம் தந்தது.

கிரேக்க மொழியில் 'கீலே' என்றால் நண்டின் கொடுக்கு. இந்த மருந்துகள் உலோகத்தைக் கொடுக்குப் போலக் கவ்வி உடம்பை விட்டு வெளியேற்றும். அது பொய்யல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஆர்செனிக் கலந்த விஷவாயுவுக்கு மாற்றாக ஆக்ஸ்போர்டில் இப்படி ஒரு மருந்து கண்டார்கள். ஈய விஷம் ஏறியவர்களுக்கும், ஓயாமல் ரத்தம் ஏற்றி உடம்பில் இரும்பு மிகுந்துபோன தலசீமியாக் குழந்தைகளுக்கும் இன்றும் இவ்வகை மருந்துகளே துணை.

1956-ல் டிட்ராய்ட் நகரத்து டாக்டர் நார்மன் கிளார்க், ஈடிடிஏ என்ற மருந்தை நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுத்து, குணம் தெரிகிறது என்று எழுதினார். அந்த நம்பிக்கை அதன் பிறகு ஓயவில்லை.

ஆனால் ரத்தக் குழாய் இரும்புக் குழாயல்ல, உயிருள்ளது. அடைப்பில் கொழுப்பும் நாரும் உயிரணுக்களும் பின்னிக் கிடக்கின்றன. சுண்ணாம்பு ஒரு பங்குதான். கொடுக்குக்கோ கண் கிடையாது. ரத்தத்தில் ஓடி இருதயத்தைத் துடிக்க வைக்கும் சுண்ணாம்பையும் அது கவ்விவிடும். 2005-ல் பென்சில்வேனியாவில், ஆட்டிசம் தீரும் என்று இம்மருந்து ஏற்றப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், சுண்ணாம்புச் சத்து வற்றி, இருதயம் நின்று இறந்துபோனான்.

நண்பர் கணக்கு மனிதராயிற்றே. எண்களை எடுத்து வைத்தேன். முன்பே மாரடைப்பு வந்த 1,708 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வெளியாயிற்று. மரணம், மறுபடி மாரடைப்பு முதலானவை மருந்து பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு. போலி மருந்து பெற்றவர்களில் 30 சதவீதம் பேருக்கு. சிறு வித்தியாசந்தான், சர்க்கரை நோயாளிகளிடம் சற்று அதிகமாகத் தெரிந்தது. ஆகவே அவர்களை மட்டும் வைத்து மறுபடி சோதித்தார்கள். 2024-ல் முடிவு வந்தது: ரத்தத்தில் ஈயம் நன்றாகக் குறைந்தது; மாரடைப்பும் மரணமும் குறையவில்லை.

வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "இதை டாக்டர் ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

அவர் அறுவை சிகிச்சைக்குப் போனார், நடுக்கத்தோடுதான். எனக்கு மறக்காமல் நிற்பது அந்தக் கேள்வி. பயந்த மனிதனுக்குத் தன் உடம்பைப் பற்றிப் புரிகிற மாதிரி ஒரு வார்த்தை வேண்டியிருக்கிறது. உண்மை தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்ல நேரமில்லை என்றால், துண்டுப் பிரசுரக்காரனுக்கு நிறைய நேரமிருக்கிறது.